மூன்று செடிகள், மூன்றிலும் மஞ்சள் இலை: உரம் போட்டும் கேட்கவில்லை (ஈசூன், சிங்கப்பூர்)

ஈசூன் ஏழாம் மாடி | ஜனவரி 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரவேற்பறையில் ஒரு பீஸ் லில்லி இருக்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து அதன் இலைகள் மஞ்சளாகித் தொங்குகின்றன. படுக்கையறை அலமாரி மேல் மணி பிளான்ட். நான்கு வருடச் செடி. கொடி போய்க்கொண்டேதான் இருக்கிறது, ஆனால் அடி இலைகள் வெளுத்து, மஞ்சளாகி, உதிர்ந்துவிடுகின்றன. மூன்றாவதுதான் என் மனசைப் போட்டு வாட்டுகிறது. வாசல் நடைபாதையில் வைத்திருக்கும் கறிவேப்பிலை. அம்மா அங் மோ கியோ வீட்டைக் காலி செய்தபோது, தன் செடியின் வேரில் முளைத்த கன்றைப் பெயர்த்து என்னிடம் கொடுத்தார். அம்மா இப்போது இல்லை. அதனால் "வேறு வாங்கிக்கொள்ளலாமே" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

டிசம்பரில் மூன்றுக்கும் இரண்டு தடவை திரவ உரம் ஊற்றினேன். பீஸ் லில்லி இன்னும் மோசமானது. கடையில் கேட்டால் "சத்து பத்தவில்லை" என்று 12 வெள்ளிக்கு இன்னொரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அதை இன்னும் திறக்கவில்லை. திறக்கலாமா?

கோப்பித் தூள் | ஜனவரி 11, இரவு 10.05

மூன்றும் ஒரே சமயத்தில் என்றால் சத்துக் குறைவுதான் அக்கா. எங்கள் வீட்டில் கோழி எரு உருண்டை போட்டோம், நன்றாகத் துளிர்த்தது.

மண்வாசம் | ஜனவரி 11, இரவு 10.50

அந்தப் பாட்டில் மூடியபடியே இருக்கட்டும்.

சுங்கை தெங்கா பக்கம் ஒரு செடிப் பண்ணையில் பதினோரு வருடம் வேலை பார்த்தேன். மஞ்சள் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு உரம் கேட்டு வருவார்கள். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலும் மண்ணில் சத்து இருக்கும், அதை உறிஞ்ச வேர்தான் இருக்காது. வேர் கெட்ட செடிக்கு உரம் கொடுப்பது வயிறு சரியில்லாதவருக்கு விருந்து வைப்பது மாதிரி.

மூன்றும் ஒரே நேரத்தில் மஞ்சளானதால் காரணமும் ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லுங்கள். முதலில் மஞ்சளானது அடியிலுள்ள முற்றிய இலையா, நுனிக் கொழுந்தா? இலை முழுக்க வெளுக்கிறதா, நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் வெளுக்கிறதா? விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டால் ஈரமா, காய்ந்திருக்கிறதா? தொட்டிக்கு அடியில் ஓட்டை உண்டா? ஜன்னலும் நடைபாதையும் எந்தத் திசை? உரம் தவிர வேறு என்னவெல்லாம் போட்டீர்கள்? சமையலறைக் கழிவு எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள்.

பிடோக் பாட்டி | ஜனவரி 12, காலை 6.30

அம்மா கொடுத்த செடி என்று படித்ததும் தூக்கம் போய்விட்டது, கண்ணு. கறிவேப்பிலைக்குப் புளித்த மோரைத் தண்ணீராகக் கரைத்து ஊற்று. முட்டை ஓட்டை இடித்துப் போடு. நாற்பது வருடமாக நான் செய்கிறேன். புளோக்குக்குக் கீழே என் மரம் முதல் மாடி உயரத்துக்கு நிற்கிறது.

ஈசூன் ஏழாம் மாடி | ஜனவரி 12, பிற்பகல் 1.15

பாட்டி, முட்டை ஓடு ஒரு வருடமாகப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். மிக்சியில் மாவு மாதிரி அரைத்து வாரம் ஒரு கரண்டி.

மண்வாசம் அண்ணே, இப்போதுதான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

பீஸ் லில்லியில் கீழ் இலை, நடு இலை என்று கணக்கில்லை, கலந்து மஞ்சளாகிறது. மண் சொதசொதவென்று இருக்கிறது. ஆனாலும் செடி தொங்குவதால் தண்ணீர் கேட்கிறது என்று நினைத்து ஊற்றிக்கொண்டிருந்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் ஓட்டை உண்டு, அதை ஒரு பீங்கான் தொட்டிக்குள் இறக்கி வைத்திருக்கிறேன். மண்ணைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன.

மணி பிளான்ட்டில் அடி இலைகள் மட்டும்தான், நரம்போடு சேர்ந்து முழுக்க வெளுக்கிறது. புது இலைகள் முன்பைவிடச் சின்னதாக வருகின்றன. மண் சீக்கிரம் காய்கிறது. வாங்கியதிலிருந்து மண் மாற்றவில்லை. டிசம்பரில் ஊற்றிய உரம் தட்டில் அப்படியே வழிந்துவிட்டது.

கறிவேப்பிலை நேர்மாறு. அடி இலைகள் நல்ல பச்சை. நுனியில் வரும் புது இலைகள் மட்டும் எலுமிச்சை மஞ்சளாக, நரம்பு பச்சைக் கோடாகத் தெரிகிற மாதிரி வருகின்றன. கடைசியாக வந்த கொத்து கிட்டத்தட்ட வெள்ளை. ஜன்னல்கள் வடக்கே, நடைபாதை தெற்கே.

மண்வாசம் | ஜனவரி 12, இரவு 8.20

நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள். இந்தப் பதிலிலேயே விஷயம் முக்கால்வாசி தெளிந்துவிட்டது.

எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்று ஏன் கேட்டேன் என்றால், சில சத்துகள் செடிக்குள் இடம் மாறும், சில மாறாது. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் நகரக்கூடியவை. குறைந்தால் செடி கிழ இலையிலிருந்து உருவி இளம் இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பு, கால்சியம், போரான் அப்படி இல்லை. போய்ச் சேர்ந்த இலையிலேயே தங்கிவிடும். மண்ணிலிருந்து புதிதாக வராவிட்டால் கொழுந்துதான் பட்டினி கிடக்கும்.

இதை வைத்துப் பாருங்கள். மணி பிளான்ட்டில் அடி இலை, முழு வெளுப்பு, புது இலை சிறுத்தல்: தழைச்சத்துப் பசி. கடைக்காரர் சொன்னது இந்த ஒன்றுக்கு மட்டும் சரி. நான்கு வருட மண்ணில் இனி என்ன இருக்கும்? ஊற்றியது வழிந்துவிட்டது என்றால் தொட்டி முழுக்க வேர் சுற்றிக்கொண்டு மண்ணுக்கே இடமில்லை என்று அர்த்தம்.

பீஸ் லில்லி பசியில் இல்லை, மூச்சு முட்டுகிறது. வேருக்குக் காற்று வேண்டும். மண்ணின் இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் செத்துப்போகும். வேர் செத்தால் சுற்றித் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது, தொங்கும். காய்ந்தாலும் தொங்கும், அழுகினாலும் தொங்கும் என்பதால் இந்தச் செடி நிறையப் பேரை ஏமாற்றிவிடுகிறது. ஈர மண்ணில் தொங்கினால் அது தாகம் இல்லை. அந்த ஈக்களின் புழுவும் நனைந்தே கிடக்கிற மண்ணில்தான் பெருகும். இப்போதே பீங்கான் தொட்டியைத் தூக்கி உள்ளே பாருங்கள்.

கறிவேப்பிலை இரும்புக் குறை மாதிரி தெரிகிறது. ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்ல மாட்டேன்.

வேதியியல் வாத்தியார் | ஜனவரி 12, இரவு 9.35

கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள்.

பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு, அதைச் சுற்றி நான்கு நைட்ரஜன் அணுக்கள். இந்த இரண்டில் எது குறைந்தாலும் பச்சை குறைவது இதனால்தான். இரும்பு பச்சையத்துக்குள்ளேயே கிடையாது. ஆனால் பச்சையத்தைச் செய்யும் வேலைக்கு அது வேண்டும். அதனால் இரும்பு கிடைக்காத கொழுந்து வெளுத்தே பிறக்கிறது.

இரும்பு மண்ணில் இருந்தாலும் கரைந்தால்தான் வேருக்குக் கிடைக்கும். மண்ணின் பிஎச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம்) 6-ஐ ஒட்டி இருந்தால் பிரச்சினை இல்லை. 7-ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத துருவாக மாறிக் கிடக்கும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக் கல்லில் இருக்கும் அதே பொருள். அமிலத்தைத் தணிக்கும், பிஎச்சை ஏற்றும். நொறுங்கலாகப் போட்டால் கரைய வருடக்கணக்காகும், பெரிதாக ஒன்றும் செய்யாது. நீங்கள் மாவாக அரைத்து ஐம்பது வாரம் போட்டிருக்கிறீர்கள். சின்னத் தொட்டிக்கு அது அதிகம்.

யூகத்தோடு நிறுத்த வேண்டாம், சோதித்துவிடலாம். மீன் வளர்ப்புக் கடையில் பிஎச் பட்டை கிடைக்கும். வேர்ப் பக்கத்திலிருந்து ஒரு பங்கு மண், இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து, அரை மணி நேரம் விட்டு, தெளிந்த நீரில் பட்டையை நனைத்துப் பாருங்கள்.

பிடோக் பாட்டி | ஜனவரி 13, காலை 6.10

வாத்தியார் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நானும் நாற்பது வருடம் முட்டை ஓடு போட்டவள்தான். என் மரம் ஒரு நாளும் வெளுத்ததில்லை.

வேதியியல் வாத்தியார் | ஜனவரி 13, மாலை 4.50

அம்மா, நீங்கள் சொல்வதும் உண்மைதான். உங்கள் மரம் தரையில் நிற்கிறது. சிங்கப்பூரின் இயற்கை மண் நல்ல அமிலத்தன்மை உள்ளது, மழை வேறு சுண்ணாம்பை அரித்துக்கொண்டு போகும். அந்த மண்ணுக்கு முட்டை ஓடு நல்லது. வேரும் எட்டும் தூரமெல்லாம் போய்த் தேடிக்கொள்ளும். ஈசூன் செடிக்கு இருப்பது பத்து லிட்டர் மண், மேலே கூரை, மழையே படாது. போட்டதெல்லாம் அங்கேயே தங்குகிறது. ஒரே பொருள், இடம் வேறு.

மோர் விஷயத்திலும் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அதிலுள்ள அமிலம் பிஎச்சைக் கொஞ்சம் இறக்கும். ஆனால் ஏழாம் மாடி நடைபாதையில் எறும்பும் நாற்றமும் வரும், பக்கத்து வீட்டுக்காரர் என்ன பாவம் செய்தார்?

பிடோக் பாட்டி | ஜனவரி 13, இரவு 7.30

தரை, தொட்டி என்ற வித்தியாசத்தை நான் யோசிக்கவில்லை. சரி. முட்டை ஓடு போடுவதை நிறுத்து, கண்ணு.

செங்காங் புதுவீடு | ஜனவரி 13, இரவு 10.15

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வேலை அறையில் நாள் முழுக்க ஏர்கான். கலாத்தியா இலையில் மஞ்சள் மணல் தூவியது மாதிரி புள்ளிகள். இது எந்தச் சத்து?

மண்வாசம் | ஜனவரி 13, இரவு 10.40

எந்தச் சத்தும் இல்லை. சத்துக் குறைவு நரம்பையோ ஓரத்தையோ அனுசரித்து வரும், ஊசியால் குத்தியது மாதிரிப் புள்ளி வைக்காது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் சிலந்திப்பேன். ஏர்கானின் வறண்ட காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் இரு பக்கமும் நன்றாகக் கழுவுங்கள், பிறகு பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசல். நான்கைந்து நாளுக்கு ஒரு தடவை, மூன்று வாரம் விடாமல். பேனின் முட்டைகள் பொரிந்து குஞ்சு வந்துகொண்டே இருக்கும் என்பதால் ஒரு முறை அடித்துவிட்டு நிறுத்தினால் பயனில்லை.

பொங்கோல் நீர்க்கரை | ஜனவரி 14, காலை 11.00

எனக்கு எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்புதான். கலமான்சிக்கு (சின்ன எலுமிச்சை வகை) போட்டுப் பத்தே நாளில் பலன் தெரிந்தது. இங்கே யாருமே அதைச் சொல்லவில்லையே?

வேதியியல் வாத்தியார் | ஜனவரி 14, மாலை 5.20

உங்கள் கலமான்சி வெறும் தேங்காய் நார்த்தூளில் இருக்கிறதா? எப்சம் உப்பு மெக்னீசியம் சல்பேட். மெக்னீசியம் குறைந்த செடிக்கு அது சரியான மருந்து. நார்த்தூளில் இயல்பாகவே பொட்டாசியம் அதிகம், அது மெக்னீசியத்தை உள்ளே விடாமல் போட்டி போடும். முற்றிய இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைவெளி மஞ்சளாகியிருந்தால் உங்கள் கணிப்பு பலித்த காரணம் அதுதான். நான்கு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி போதும்.

ஆனால் ஈசூன் கறிவேப்பிலையில் வெளுப்பது கொழுந்து. முற்றிய இலையில் வந்தால் மெக்னீசியம், கொழுந்தில் வந்தால் இரும்பு. நரம்புக் கோலம் ஒன்று போலவே இருக்கும், இடம்தான் வேறு. பீஸ் லில்லிக்கு உப்புப் போட்டால் மிச்சமுள்ள வேரும் வாடும்.

பொங்கோல் நீர்க்கரை | ஜனவரி 14, இரவு 8.00

ஆமாம், முழுக்க நார்த்தூள்தான். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியமாக இருக்கிறது. இனி எல்லாருக்கும் அதையே சொல்ல மாட்டேன்.

புளோக் நிழல் | ஜனவரி 14, இரவு 9.10

திசையை யாரும் இன்னும் பேசவில்லை. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே. பகல் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட 12 மணி நேரம்தான், ஆனால் சூரியன் பக்கம் மாறும். ஜூன் வாக்கில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும், டிசம்பரில் தெற்கே. வடக்கு ஜன்னலுக்கு நடு வருடத்தில் கிடைக்கும் வெயில் அக்டோபருக்குப் பிறகு கிடையாது. அதோடு வடகிழக்குப் பருவமழை மேகம். வெளிச்சம் குறைந்தால் செடி குடிப்பதும் குறையும். ஜூனில் ஊற்றிய அதே அளவை நவம்பரிலும் ஊற்றினால் மண் எப்படிக் காயும்? பீஸ் லில்லி நவம்பர் கடைசியில் விழுந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கும்.

கறிவேப்பிலைக்கு நேர்மாறு. தெற்கு நடைபாதையில் இப்போதுதான் வெயில். வேகமாகத் துளிர்க்கிறது, அதனால் இரும்புத் தேவையும் கூடுகிறது.

ஈசூன் ஏழாம் மாடி | ஜனவரி 18, மாலை 6.45

சொன்னதெல்லாம் செய்தேன்.

பீங்கான் தொட்டிக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். முகத்தில் அடிக்கிற நாற்றம். செடியை வெளியே எடுத்தால் பாதி வேர் பழுப்பாகி, பிடித்து இழுத்ததும் தோல் உரிந்து நூல் மாதிரி வந்துவிட்டது. மேல்பக்கம் மட்டும் வெள்ளையாக, கெட்டியாகக் கொஞ்சம் இருந்தது. மணி பிளான்ட் தொட்டி வடிவத்திலேயே கட்டியாக வந்தது, மண்ணே கண்ணில் படவில்லை, ஆனால் வேர் ஆரோக்கியம்.

கறிவேப்பிலை மண்ணில் பட்டை கிட்டத்தட்ட 8 காட்டியது. இரண்டு தடவை பார்த்தேன். நானே செய்த வேலை என்று நினைக்கும்போது கஷ்டமாக இருக்கிறது. இனி என்ன செய்யட்டும்?

மண்வாசம் | ஜனவரி 18, இரவு 8.30

செடிக்கு நல்லது என்று நினைத்துத்தானே போட்டீர்கள், மனசை அலட்டிக்கொள்ளாதீர்கள். மூன்றும் பிழைக்கும் நிலையில் இருக்கின்றன.

பீஸ் லில்லியில் பழுப்பு வேரையெல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். வேர் பாதியாகிவிட்டதால் மோசமான இலைகளையும் எடுத்துவிடுங்கள், இருக்கிற வேர் அத்தனை இலைக்குத் தண்ணீர் தர முடியாது. புது மண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் வெள்ளைத் துகள்) சேர்த்து, வேர் மட்டும் கொள்ளும் சின்னத் தொட்டியில் வையுங்கள். இரக்கப்பட்டுப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து மறுபடி அழுகும். ஆறு வாரத்துக்கு உரமே வேண்டாம்.

மணி பிளான்ட்டுக்கு ஒரு சுற்றுப் பெரிய தொட்டி, சுற்றியிருக்கும் வேரைக் கையால் தளர்த்திவிட்டுப் புது மண். மூன்று வாரம் கழித்து அந்த 12 வெள்ளி பாட்டிலைத் திறக்கலாம். லேபிளில் போட்ட அளவில் பாதி, மாதம் இரண்டு தடவை. குருணையாக வரும் மெதுவான உரம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பொட்டலத்தில் போட்டிருக்கும் மாதக் கணக்கு பொதுவாக 21 பாகை செல்சியசுக்கு. நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

கறிவேப்பிலையில் வேரை முழுக்க உதறாதீர்கள், அது தாங்காது. வெளிப்பக்க மண்ணை மட்டும் மூன்றில் ஒரு பங்கு சுரண்டிவிட்டு, பீட் (அமிலத்தன்மையுள்ள சதுப்பு நில மட்கு) கலந்த புது மண்ணை நிரப்புங்கள். இரும்பு என்ன வாங்குவது என்று வாத்தியார் சொல்லட்டும்.

வேதியியல் வாத்தியார் | ஜனவரி 18, இரவு 9.15

துருப்பிடித்த ஆணியைப் புதைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், வேண்டாம். 8 பிஎச்சில் அது இன்னும் துருவாகத்தான் ஆகும். கொடுக்கு இரும்பு, அதாவது கீலேட் கேளுங்கள்; இரும்பைத் துருவாக விடாமல் கொடுக்கு மாதிரிப் பிடித்து வைத்திருக்கும் வகை. அதிலும் இடிடிஏ (EDTA) வகை 6.5-க்கு மேல் பிடியை விட ஆரம்பிக்கும். இடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருக்கும் கருஞ்சிவப்புப் பொடிதான் உங்கள் மண்ணில் வேலை செய்யும். லேபிள் அளவுக்கு மேல் வேண்டாம், தரையில் சிந்தினால் கறை போகாது.

முழுக்க வெளுத்த இலை பச்சையாகும் என்று காத்திருக்காதீர்கள். அடுத்து வரும் கொத்தைப் பாருங்கள். அதுதான் பதில்.

கோப்பித் தூள் | ஜனவரி 19, காலை 8.00

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் அவசரமாகப் பதில் போட்டதற்கு மன்னிக்கவும் அக்கா. குழாய்த் தண்ணீர் காரணமாக இருக்குமா? ஒரு நாள் வாளியில் வைத்து ஊற்றச் சொல்கிறார்களே?

வேதியியல் வாத்தியார் | ஜனவரி 19, மாலை 5.40

வெறும் குளோரின் ஒரு இரவில் பறந்துவிடும். இங்கே கிருமி நீக்கத்துக்குக் குளோரமின் சேர்க்கிறார்கள், அது அப்படிச் சீக்கிரம் போகாது. ஆனால் அந்தச் சிறு அளவு தொட்டிச் செடியை மஞ்சளாக்காது. நம் நீரில் பல்லுக்காகச் சேர்க்கும் ஃபுளோரைடு டிரசீனா, ஸ்பைடர் பிளான்ட் மாதிரிச் சில செடிகளின் நுனியைக் கருக்கலாம். அது நுனிக் கருகல், இங்கே பேசும் மஞ்சள் இல்லை.

புளோக் நிழல் | ஜனவரி 19, இரவு 7.25

வாளியில் நீர் வைத்தால் மூடி வையுங்கள், டெங்கிக் கொசுவுக்கு அது போதும். பீங்கான் தொட்டியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். மேல்மண் இறுகிப்போய் அதன்மேல் தண்ணீர் தேங்கினாலும் ஆபத்து. இறுகிய மண்ணைக் கிளறிவிடச் சொல்லித் தேசியச் சுற்றுப்புற வாரியமும் சொல்கிறது. கிளறினால் வேருக்கும் காற்று. நடைபாதைத் தொட்டி பெரிதானால் 1.2 மீட்டர் வழி விட மறக்காதீர்கள்.

ஈசூன் ஏழாம் மாடி | மார்ச் 8, காலை 9.20

ஏழு வாரம் ஆகிவிட்டது, சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வந்தேன்.

பீஸ் லில்லியில் ஐந்து இலைதான் மிச்சம். ஆனால் நடுவிலிருந்து இரண்டு புது இலை சுருண்டு வருகிறது, ஈ ஒன்றுகூட இல்லை. விரலை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றுகிறேன், எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு தடவை போதுமாக இருக்கிறது. மணி பிளான்ட்டில் புது இலை பழையபடி உள்ளங்கை அகலம்.

கறிவேப்பிலையில் முதல் மூன்று வாரம் ஒன்றுமே இல்லை. பயந்துவிட்டேன். போன மாதக் கடைசியில் ஒரு கொத்து வந்தது, வெளிர் பச்சை. அதற்கு அடுத்தது நல்ல பச்சை. இன்று காலை கிள்ளி முகர்ந்து பார்த்தேன், அம்மா வீட்டுச் சமையலறை வாசம். பிஎச் இப்போது 7-ஐ ஒட்டிக் காட்டுகிறது.

பாட்டி, எப்போது பறிக்கலாம்?

பிடோக் பாட்டி | மார்ச் 8, காலை 10.05

இப்போது வேண்டாம், கண்ணு. இன்னும் நான்கு கொத்து முழுசாகப் பச்சையாகட்டும். பிறகும் இலை இலையாக உருவாதே. நுனியோடு சேர்த்துக் கிள்ளு. கிள்ளின இடத்துக்குக் கீழே இரண்டு கிளை பிரியும், செடி அடர்த்தியாகும். அடியில் கன்று முளைத்தால் எனக்கு ஒன்று எடுத்து வை.

ஈசூன் ஏழாம் மாடி | மார்ச் 8, காலை 10.20

இப்போதே ஒன்று முளைத்திருக்கிறது பாட்டி, சுண்டுவிரல் உயரம். வேர் பிடித்ததும் பிடோக்குக்கு நானே கொண்டுவருகிறேன்.